தங்கச்சி கண்ட பஞ்சுக்காலி

ரொறன்ரோவில் நான் முதன்முதலாகப் பார்த்த பறவை ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில், என் தங்கை வதனியின் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு மேலே, பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது அது. விமான நிலையத்திலிருந்து வந்து சப்பாத்தைக்கூட நான் கழற்றவில்லை.

"அக்கா, முதல்ல உதைப் பார்," என்று வதனி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

பாசி படர்ந்த ஒரு கொப்பு. பின்னால் வெள்ளை மூட்டம். கொப்பின் மேல் என் பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை. தொண்டையில் நீலப் பூச்சு. இரண்டு கால்களிலும் பஞ்சை உருட்டிக் கட்டிவிட்டது போல வெள்ளை இறகு.

"வடிவாயிருக்கு," என்றேன். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன்.

அந்தப் பறவையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓசனிச்சிட்டு என்று நாங்கள் புத்தகத்தில் எழுதுகிற, ஆட்கள் 'ஹம்மிங்பேர்ட்' என்கிற இனம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இருக்கிறது. எங்கள் தேன்சிட்டு அதற்கு உறவே இல்லை. அந்த இனத்தில் மிக அரிதான ஒன்று, எக்குவடோர் நாட்டில் பிச்சிஞ்சா எரிமலைப் பக்கத்து மேகக் காடுகளில் வாழும் கறுப்பு மார்புப் பஞ்சுக்காலி. ஆண் கறுப்பு, பெண் பச்சை. உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் மாட்டுப் புல்லுக்கும் கரிக்கும் காடு வெட்ட வெட்ட, அதற்கு மலைமுகடுகளில் சில துண்டுகள்தான் மிச்சம். உலகத்தில் இன்னும் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதில் ஒன்றை என் தங்கை கண்டுவிட்டாள். அதுவும் இரண்டு முழங்காலும் தேய்ந்த நிலையில், பெப்ரவரி மாதம் ஊன்றுகோல் பிடித்து மலை ஏறி.

நான் முப்பத்தைந்து வருடமாகப் பறவை பார்க்கிறவள். யாழ்ப்பாணத்தில் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வெடுத்தேன். விடுமுறை நாட்களில் சைக்கிளில் தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என்று போவேன். சண்டைக் காலத்தில் பைனாகுலர் வைத்திருந்தாலே உளவாளி என்று பிடிப்பார்கள். என்னுடையதை உமிமூட்டைக்குள் ஒளித்துவைத்து, ஆறு வருடம் வெறுங்கண்ணால் பூநாரை எண்ணினேன். இன்றைக்கும் ஒரு வாரப் பத்திரிகையில் பறவைப் பத்தி எழுதுகிறேன்.

வதனி அப்போதெல்லாம் என் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து, கரையில் கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டு, "வெயில் கொளுத்துது, வா போவம்," என்று அரிக்கிறவள். கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. கனடா வந்து, பிள்ளை பெற்று, கணவன் இறந்த பிறகு, மனம் ஆற நடக்கச் சொல்லி மருத்துவர் சொல்ல, நடக்கப்போன இடத்தில் பறவை பார்க்கும் கூட்டம் ஒன்றோடு சேர்ந்தாள். பார்க்கத் தொடங்கிப் பத்து வருடம்தான். அவளுடைய கடவுச்சீட்டுக்கு எல்லாக் கதவும் திறக்கும். அவள் கண்ட பறவைகளின் பட்டியல் என்னுடையதைப் போல மூன்று மடங்கு.

நான் போனது அவளுக்கு முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை என்பதால். ஒரே மகள் அபிக்கு மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் கணினி வேலை. வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்குப் போயாகவேண்டும். ஆறு கிழமை சமைக்கவும் பிடித்து நடத்தவும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் என்றால் பத்து நாள் படுக்கவைத்து, பார்க்க வருகிறவர்கள் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்து குவிப்பார்கள். இங்கே நாலு சில்லு வைத்த நடைவண்டியையும் ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். தாளில் முழங்காலை எத்தனை தரம் மடக்கவேண்டும், நீட்டவேண்டும் என்று படத்தோடு இருந்தது. நான் எண்ணுவேன், அவள் மடக்குவாள். வலியில் அவள் உதட்டைக் கடிக்கும்போது அந்தச் சுவர்ப் படத்தைத்தான் பார்ப்பாள்.

"அந்த மலையை நினைச்சால் உது ஒண்டும் நோவில்லை அக்கா," என்றாள் ஒருநாள். "ஆனா இனி ஏறமாட்டன். உந்த முழங்கால் மட்டத்தரைக்குத்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கண்டதே போதும்."

நான் எண்ணிக்கையில் பிழைவிட்டு, பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து என்றேன்.

சமையலுக்குக் குறையில்லை. கெனடி வீதித் தமிழ்க் கடைகளில் இடியப்பம் அடுக்கடுக்காகப் பொதி செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வேலியில் சும்மா நிற்கிற முருங்கையிலை இங்கே உறைந்து கட்டியாகி, பெட்டிக்குள் பச்சைச் செங்கல்லாகக் கிடக்கிறது. கடைக்காரப் பெண் நான் வாய் திறந்ததும், "அன்ரி இப்பதான் ஊரிலையிருந்து வந்தனீங்களோ?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கள் கறிவேப்பிலை விலையைப் பாத்துச் சிரிச்சனீங்கள்," என்றாள்.

மின்தூக்கியில் தினமும் ஒரு கயானாக் கிழவர் வருவார். நல்ல வெயில் எறித்த நாளிலும், "இன்றைக்கும் குளிர்தான்," என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார். எல்லோரும் ஆமென்று தலையாட்டுவார்கள். மே மாதம் அது. எனக்கு உண்மையிலேயே குளிர்ந்தது.

இரண்டாம் ஞாயிறு, அபி வீட்டில் நிற்க, பீற்றர் அண்ணை என்னை வந்து ஏற்றிக்கொண்டு போனார். மன்னார்க்காரர். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர். வதனியின் பறவைக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். பஸ் ஓட்டுநர், தாதி, கணக்காளர் என்று எட்டுப் பேர், எல்லோரும் எங்கள் ஆட்கள். மறுகரை தெரியாத தண்ணீருக்குப் பக்கத்தில் இறங்கினோம். அதை ஏரி என்கிறார்கள்.

மெக்சிக்கோ வளைகுடாவைக் கடந்து வந்த சின்னஞ்சிறு பறவைகள் மரம் முழுக்க. மஞ்சள், செம்மஞ்சள், கறுப்புக் கோடு. பெயர் சொல்லி முடிக்குமுன் அடுத்தது வந்தது. ஒரு காலையில் பத்தொன்பது புதுப் பறவைகள் கண்டேன். ஊரில் பத்து வருடத்தில் அவ்வளவு புதிது கண்டதில்லை. ஆனாலும் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தபோது பீற்றர் அண்ணை சொன்னது: "இவ எங்கடை வதனியின்ரை அக்கா."

ஊரில் எல்லோரும் அவளைத்தான் என் தங்கை என்பார்கள்.

பிறகு அந்தத் தாதிப் பெண், "நீங்கள்தானே பறவைப் பத்தி எழுதுறனீங்கள்? நான் ஒன்லைனிலை வாசிக்கிறனான்," என்றாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மற்றவர்களும் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். நான் பதில் சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்ததை நானே கவனித்தேன்.

அங்கிருந்து மார்க்கத்தில் பீற்றர் அண்ணை வீட்டுக்குப் போனோம். இறைச்சி ரோல்ஸும் தேநீரும். பின்வளவில், சிவப்புப் பூப்போல மூக்கு வைத்த கண்ணாடிக் குடுவையில் சீனித் தண்ணீர் தொங்கவிட்டிருந்தார். நான் கோப்பையோடு நின்றபோது காதருகே தும்பி பறப்பது போல ஒரு இரைச்சல். திரும்பினால், அந்தரத்தில் ஒரு பறவை நிற்கிறது. மாணிக்கத் தொண்டை ஓசனிச்சிட்டு. இந்த நாட்டில் சாதாரணமாக வருவது. தண்ணீரை உறிஞ்சிவிட்டு, முகத்தை என் பக்கம் வைத்தபடியே பின்பக்கமாகப் பறந்து போனது. ஒரு பறவை பின்னால் போவதை அறுபத்திரண்டு வயதில் முதன்முதலாகப் பார்க்கிறேன். கண் கலங்கிவிட்டது.

"ஊரிலையிருந்து வந்து முதல் ஹம்மிங்பேர்ட்," என்று பீற்றர் அண்ணை மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கணக்காளர், நல்ல மனிதர்தான், ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, "அதுக்கென்ன, வதனி கண்டதோடை பாத்தால் இது கோழிக்குஞ்சு," என்றார்.

கையிலிருந்த தேநீர் எனக்கு ருசிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பறவை மூன்று தரம் வந்துபோனது. நான் ஒரு தரமும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை, சனிக்கிழமை பின்னேரம், தொடர்மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்துப் பார்ட்டி ரூமில் பறவை பார்க்கிறவர்களின் கூட்டம். நாற்பது பேர்வரை. வதனி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, திரையில் படங்களைக் காட்டித் தன் பயணத்தைச் சொன்னாள். மூன்று விடிகாலைகள் ஏறி, இரண்டு நாள் வெறுங்கையோடு இறங்கியது. லூயிஸ் என்ற வழிகாட்டி தன் மழைச்சட்டையைக் கழற்றி இவள் முழங்காலைச் சுற்றிக் கட்டியது. மூன்றாம் நாள் மூட்டத்துக்குள் அது வந்து இருந்தது.

பிறகு முக்கியமான விஷயத்தைச் சொன்னாள். அந்த மலைமுகட்டில் அந்தப் பறவை இருப்பதாக அதுவரை ஒருவரும் பதிவு செய்திருக்கவில்லை. நிலம் ஒரு விவசாயியுடையது. அவர் காட்டை வெட்டிக் கரி சுட ஆயத்தம். அரிய பறவை இருப்பதற்கு அத்தாட்சி காட்டினால் விட்டுவிடலாம் என்று லூயிஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இருக்கிற ஒரே அத்தாட்சி வதனியின் இந்தப் படம்தான்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வதனியின் முகம் சிவந்துபோயிருந்தது. பிறகு பீற்றர் அண்ணை, "ஊரிலையிருந்து வந்திருக்கிற அக்காவும் ரெண்டு வார்த்தை கதைக்கவேணும். எங்களுக்கெல்லாம் பறவை படிப்பிச்ச ஆள் அவ," என்றார்.

எழுந்தேன். வாழ்த்துத்தான் சொல்லப்போனேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். வாயில் வந்தது வேறு.

"படம் அருமையான படம்," என்றேன். "ஆனா பறவையைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அதே மலையிலை இன்னொரு பஞ்சுக்காலி இருக்கு. நீலப் பிட்டப் பஞ்சுக்காலி. அது சாதாரணம், கனக்க இருக்கு. அதுவும் பச்சை, அதுக்கும் வெள்ளைப் பஞ்சு. நெத்தி நீலமாயிருந்தால் அதுதான். இந்தப் படத்திலை நெத்தியைப் பாருங்கோ."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மூட்டத்து வெளிச்சம் பட்டு நெற்றியில் ஒரு நீல மினுக்கம் இருந்தது.

"அப்ப இது அதில்லையோ?" என்று பீற்றர் அண்ணை கேட்டார்.

"ஆண் எண்டால் சந்தேகமில்லை. கறுப்பாயிருக்கும். பெண்ணை உந்த மூட்டத்துக்குள்ளை பிரிச்சுச் சொல்ல ஏலாது. நான் எண்டால் பதியமாட்டன்."

வதனி மெதுவாகச் சொன்னாள்: "லூயிஸ் வடிவாப் பாத்துச் சொன்னவர் அக்கா."

"வாறவையைச் சந்தோசமா அனுப்பிறதுதானே அவையின்ரை தொழில்," என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

வதனி திரையைத் திரும்பிப் பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் முன்னால், "அக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும். நான் நேற்றுத் துவங்கின ஆள்," என்று சொல்லிவிட்டு நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு போய் இருந்தாள்.

அந்த விவசாயி, அந்தக் காடு, அதெல்லாம் அப்போது என் மனதில் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. தள்ளிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்று கீழே இருந்து பதினோராம் மாடிக்குப் போகும்வரை எனக்கு உடம்பெல்லாம் இலேசாக இருந்தது.

மறுநாள் அபி வந்தபோது வதனி படத்தைக் கழற்றச் சொன்னாள். அபி என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். படம் அலமாரிக்குப் பின்னால் போனது. பறவைக் கூட்டத்தின் அடுத்த வருடக் கலண்டரின் முகப்புக்குத் தெரிவாகியிருந்த அதை எடுத்துவிடும்படி பீற்றர் அண்ணைக்குச் சொன்னாள். இணையப் பதிவில் பறவையின் பெயரை நீலப் பிட்டப் பஞ்சுக்காலி என்று மாற்றினாள். லூயிஸுக்குக் கடிதம் எழுதி, அனுப்ப முன் எனக்கு வாசித்துக் காட்டினாள்: என் அக்கா அனுபவசாலி, அவ சந்தேகப்படுகிறா, ஆகையால் இந்தப் படத்தை அத்தாட்சியாக வைக்கவேண்டாம்.

"சரியே அக்கா?"

"ஓம்," என்றேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. அபி ஃபோனில் மொழிபெயர்த்து வாசித்தாள். 'அம்மா, இருபது வருடமாக இந்த மலையில் நடக்கிறேன். எனக்குத் தெரியும் அது எதுவென்று. ஆனால் என் சொல்லை எடுக்க ஆளில்லை. உங்கள் முழங்கால் சுகமாகவேண்டும் என்று மன்றாடுகிறேன்.'

வதனி முழங்காலை மடக்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் யன்னலைப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய் எனக்கு நகரத்துக்குள் ஒரு அலுவல் இருந்தது. அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகளை இழுப்பறைகளில் பாதுகாக்கிறார்கள். பொதுமக்கள் பார்க்கமுடியாது, முன்கூட்டி அனுமதி எடுக்கவேண்டும். நான் வருகிறேன் என்றதுமே, குளிர்காலத்திலேயே, வதனி எழுதிக் கேட்டு எனக்காக அந்த அனுமதியை எடுத்து வைத்திருந்தாள். கூட்டம் நடந்த பிறகும் அதை அவள் மாற்றவில்லை. காலையில் சாண்ட்விச்சும் கட்டித் தந்தாள், நடைவண்டியில் சாய்ந்து நின்றபடி.

பஸ் எடுக்கும்போது வீதியின் பிழையான பக்கத்தில் நின்றுவிட்டேன். தெற்கே போகவேண்டியவள் வடக்கே போனேன். கட்டிடங்கள் குறைந்து புல்வெளி வந்த பிறகுதான் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் என் தாளை வாங்கிப் பார்த்து, "நீங்கள் தூரத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனால் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் அதே பஸ்தான்," என்றாள். தானும் இறங்கி, தெருவைக் கடக்கவைத்து, நான் ஏறும்வரை நின்றாள். வேலைக்குப் பிந்தப்போகிறீர்களே என்றேன். "வயதானவரைப் பராமரிக்கிற வேலைதான். அவருக்கு நேரம் தெரியாது," என்று சிரித்தாள். அந்நியப் பெண் ஒருத்தி எனக்குச் செய்ததைப் பார்க்க, நான் செய்தது நெஞ்சில் குத்தியது. அப்போதும் நான் சொன்னது சரியாக இருக்கலாம் என்றுதான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். மிஷெல் என்ற இளம் உதவியாளர் கோபிக்கவில்லை. என்ன பார்க்க விருப்பம் என்று கேட்டாள். எங்கள் ஊர்ப் பறவைகளைக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். "பஞ்சுக்காலிகள்," என்றேன்.

வெள்ளை இழுப்பறை சத்தமில்லாமல் வெளியே வந்தது. கற்பூரம் போல ஒரு மணம். சின்னஞ்சிறு உடல்கள் மல்லாக்கக் கிடந்தன, கண்ணிருந்த இடத்தில் பஞ்சு, காலில் நூலால் கட்டிய அட்டை. "பழைய காலத்தில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்காகக் கூடைகூடையாக விற்றவை," என்றாள் மிஷெல். அட்டையில் ஊரின் பெயர் மட்டும்தான் இருந்தது. எந்தக் காட்டில், எந்த நாளில் என்று ஒன்றுமில்லை.

ஒரு வரிசையில் கறுப்பு மார்புப் பஞ்சுக்காலி, ஆண்கள் இரண்டு, பெண் ஒன்று. பக்கத்து வரிசையில் அந்தச் சாதாரண நீலப் பிட்டப் பஞ்சுக்காலி. அடிமட்டம் வைத்து நீளம் அளக்கத் தேவையே இல்லை. சாதாரணம் பெரிது, அதன் வால் நீளமாக, ஆழமாகப் பிளந்து, கத்தரிக்கோல் போல. அரியது சிறிது, வால் கட்டை. மிஷெல் கைவிளக்கைச் சாய்த்தாள். அரிய பெண்ணின் நெற்றியில் ஒரு நீல மினுக்கம் எழுந்து, விளக்கை நகர்த்தியதும் மறைந்தது.

"வெளிச்சத்தின் வேலை," என்றாள். "நெற்றியை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. வாலைத்தான் பார்க்கவேண்டும்."

ஃபோனில் வதனியின் படத்தை எடுத்தேன். பார்க்கவேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும். கட்டை வால், மடித்த சிறகின் நுனியைத் தாண்டாதது. முதல் நாள், சப்பாத்தோடு நின்று பார்த்தபோதே பார்த்திருந்தேன். வதனியின் புத்தகத்தைப் பிறகு இரகசியமாகப் புரட்டியபோது வால் நீளம் எழுதியிருந்த வரியையும் வாசித்திருந்தேன். அந்த வரியை ஒரு விரலால் மூடுவது போல மனதில் மூடிவைத்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

மிஷெலிடம் கேட்டு இரண்டு இனத்தையும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்தேன். வதனியின் படத்தைப் பார்த்த மிஷெல் மூச்சை இழுத்தாள். "இதை எடுத்தது யார்? நீங்களா?"

"என் தங்கை," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது வதனி கட்டிலில் தனியாக முழங்கால் மடக்கிக்கொண்டிருந்தாள். அபி இன்னும் வரவில்லை. நான் கோட்டைக் கழற்றாமல் சொன்னேன்.

"உன்ரை பறவை அதுதான், வதனி. நான் பிழை."

அவள் நிறுத்தவில்லை. "பதினாறு. பதினேழு. மியூசியத்திலை சொன்னவையோ?"

"ஓம். ஆனா எனக்கு முதலே தெரியும். வாலை நான் வந்த அண்டைக்கே பாத்தனான்."

பதினெட்டில் கால் நின்றது.

"தெரிஞ்சுகொண்டோ சொன்னனீ?"

"ஓம்."

"ஏன்?"

"பொறாமை." வேறு நல்ல சொல் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

வதனி காலைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். என்னைப் பார்க்காமலே கதைத்தாள். "நீ பிழையெண்டு சொன்னதைக்கூட விடலாம். உன்ரை சுபாவம் எனக்குத் தெரியாததோ? என்ரை கண்ணாலை கண்டதை விட்டிட்டு உன்ரை வாயை நம்பினன் பார், அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. நான் அதைக் கண்டனான் அக்கா. பிறகு காணேல்லை எண்டு எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தனான்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள். எண்ணிக்கையைத் தானே எண்ணினாள். அபிக்கு எல்லாம் சொன்னேன். "பெரியம்மா, அம்மா அதுக்குப் பிறகு டொக்டரிட்டைப் போகேக்கை என்ரை கார்க்குள்ளை இருந்து அழுதவ. ஐ வாஸ் சோ மேட், அவ்வளவு கோவம். நீங்கள் கெஸ்ட் எண்டுதான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, "சரி, சொல்லுங்கோ, எழுதுவம்," என்றாள்.

லூயிஸுக்கு எழுதினோம். வால் நீளம், அடிமட்டப் படங்கள், எல்லாம். சந்தேகம் தெரிவித்த ஆளே எழுதுகிறேன், நான் சொன்னது தவறு, அது அறிவுக் குறைவால் வந்த தவறல்ல என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரி வேண்டாம், காரியம் கெட்டுவிடும் என்றாள் அபி. வேண்டும் என்றேன். ஸ்பானிய மொழியில் அது எப்படிப் போனதோ தெரியாது.

ஞாயிறு ஏரிக்கரைக்கு வதனியும் வந்தாள், முதல்தரமாக. காரில் கதவைத் திறந்துவைத்து இருந்தாள். நான் எட்டுப் பேரையும் கூப்பிட்டு, பார்ட்டி ரூமில் சொன்னது பிழை என்றும், தெரிந்தே சொன்னேன் என்றும் சொன்னேன். கணக்காளர் தன் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்தார். தாதிப் பெண் வேறெங்கோ பார்த்தாள். என் பத்தியை அவள் இனி வாசிப்பாளோ தெரியாது.

பீற்றர் அண்ணைதான் கேட்டார்: "அப்ப படத்தைத் திருப்பிக் கலண்டரிலை போடலாமோ?"

"வதனியைக் கேளுங்கோ," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் வதனி காருக்குள் இருந்து.

நான் திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு லூயிஸிடமிருந்து பதில். நிலக்காரர் கடிதத்தையும் படங்களையும் வாங்கி வைத்திருக்கிறார். இந்த மாதம் கரிச்சூளை மூட்டவில்லை. அடுத்த மாதம் என்ன செய்வார் என்று சொல்லமுடியாது. வேறு ஒன்றுமில்லை. என் கடைசி வரியைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

புறப்படுகிற நாள் காலை, பெட்டி கட்டி முடித்து, பல்கனியில் இருந்தோம். ஒருவழியாகக் குளிர் விட்டிருந்தது. கீழே வீதியில் பஸ்கள் போயின, எது வடக்கு எது தெற்கு என்று இப்போது எனக்குத் தெரியும்.

"வதனி, அதைக் கண்ட நேரம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் நடைவண்டியை அருகில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். மழை தூறியது. லூயிஸ் இவள் கையைத் தொட்டார். கொப்பு வெறுமையாக இருந்தது, அடுத்த கணம் வெறுமையாக இல்லை. அது வந்ததை அவள் காணவில்லை. கால்களைச் சற்று அகட்டி, அந்த வெள்ளைப் பஞ்சை மழைக்குள் உதறியது, குழந்தை சப்பாத்தை உதறுவது போல. ஒரு தரம் இவளைப் பார்த்தது. படம் எடுக்க இரண்டு கணம், எடுக்காமல் சும்மா பார்க்க நாலைந்து கணம். பிறகு மூட்டம் கொப்பை மூடியது. மூட்டம் விலகியபோது அது இல்லை. முழங்கால் நோவு அந்த நேரம் முழுக்க இல்லையாம். இறங்கத் தொடங்கியதும்தான் வந்ததாம்.

நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எரியுதோ?" என்று கேட்டாள் வதனி.

"ஓம்," என்றேன்.

"எரியட்டும்," என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் நடைவண்டியை விட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.